ரிட்ஜில் பாராகிளைடர் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சவுத் டவுன்ஸில் டெவில்ஸ் டைக், மவுண்ட் கேபர்ன். பீக் மாவட்டத்தில் மாம் டோர், ரஷப் எட்ஜ். ஷ்ராப்ஷயரில் லாங் மிண்ட். இங்கிலாந்தின் இப்படிப்பட்ட மேட்டுச் சரிவுகளில் காற்று மோதி மேலே ஏறும் பட்டையைப் பிடித்துப் பறப்பவர்கள் சொல்லும் புகார்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே பிரித்திருக்கிறோம். பயிற்சி முடித்து பிஎச்பிஏவின் (பிரிட்டிஷ் ஹேங் கிளைடிங், பாராகிளைடிங் சங்கம்) கிளப் பைலட் தகுதி பெற்று, ஏ அல்லது பி வகை (பாதுகாப்புத் தரவரிசையில் சாதுவான இரு பிரிவுகள்) இறக்கை வைத்திருப்பவர்களுக்கானது இது. இன்னும் பயிற்சிப் பள்ளியில் இருப்பவர்கள் எதிலும் கை வைக்காமல் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

எந்தப் புகாரானாலும் தேடும் வரிசை ஒன்றுதான். முதலில் காற்று, அடுத்து இறக்கையை விரித்த விதம், பிறகு உங்கள் கை, பிறகு ஹார்னஸும் (நீங்கள் உட்காரும் பட்டைத் தொகுதி) பிரேக்கும் (இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுக்கும் கைப்பிடி). லைன் (இறக்கையிலிருந்து தொங்கும் கயிறு) நீளமும் துணியும் கடைசி. செலவு வைக்கும் காரணங்களும் கடைசியில்தான் வரும். "இந்த இறக்கை சரியில்லை" என்று பட்டறைக்கு அனுப்பப்படுபவற்றில் பல, நுனியில் ஒரு கைப்பிடி ஆட்டுப் புழுக்கையும் புல்லும் தவிர வேறு குறை இல்லாதவை.

ஆகாயத்தில் இருக்கும்போது ஆராய்ச்சி வேண்டாம். இறக்கை வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால் சரிவை விட்டு வெளிப்பக்கமாகத் திரும்பி, கீழே இறங்கும் வயலுக்குப் போய் இறங்கிவிடுங்கள். சோதனை எல்லாம் தரையில்.

## இறக்கை எழும்போதே ஒரு பக்கம் சாய்கிறது

### சில இடங்களில் மட்டும் சாய்கிறதா?

அப்படியானால் காற்றுதான் காரணம். முகட்டில் காற்று ஒரு திசையில் வீசும். பத்து மீட்டர் தள்ளி ஒரு பள்ளத்தின் ஓரத்தில் வேறு திசையில் வளையும். தூரத்துக் காற்றுப்பையைப் பார்க்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்திலேயே ஒரு பிடி புல்லைக் கிள்ளி மார்பு உயரத்திலிருந்து விடுங்கள், அல்லது ரைசரில் (லைன்களை ஹார்னஸோடு சேர்க்கும் பட்டை) ஒரு நூல் கட்டிக்கொள்ளுங்கள். இறக்கையின் நடுப்பகுதி அந்தத் திசைக்கு நேராக இருக்கும்படி மறுபடி விரியுங்கள். சரிவின் சாய்வைப் பார்த்து விரிப்பதுதான் பலர் செய்யும் பிசகு.

சாய்ந்து எழுந்துவிட்டால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நடந்து இறக்கையின் நடுவுக்குக் கீழே வாருங்கள். உயர்ந்த பக்கத்துப் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். நின்ற இடத்திலேயே நின்று பிரேக்கை மட்டும் இழுத்தால் இறக்கை படுத்துவிடும்.

### எங்கே விரித்தாலும் அதே பக்கமா?

இந்த வரிசையில் பாருங்கள்:

1. விரிப்பு. முன்விளிம்பு குதிரைலாட வளைவாக இருக்கிறதா, இரு நுனிகளும் ஒரே அளவு முன்னால் வந்திருக்கின்றனவா? நேர்க்கோடாக விரித்தால் நுனிகள் முந்திக்கொண்டு எழும்.
2. சிக்கல். கார்ஸ் முள்புதர், நெருஞ்சிப்பூண்டு, டவுன்ஸின் சுண்ணாம்பு மண்ணில் துருத்தி நிற்கும் சிக்கிமுக்கிக் கற்கள், இவற்றில் ஏதாவது லைனைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு ரைசரையும் உயர்த்தி, நுனி லைன்கள் வரை கண்ணால் தொடருங்கள்.
3. நுனியில் குப்பை. செல்களுக்குள் (இறக்கையில் காற்று நிரம்பும் அறைகள்) விழும் புல், கல், புழுக்கை எல்லாம் குறுக்குத் துளைகள் வழியே நகர்ந்து கடைசியில் நுனியில்தான் சேரும். பல இறக்கைகளில் அங்கே ஒட்டுப்பட்டையால் மூடிய சிறு வாய் இருக்கும். அதைத் திறந்து உதறுங்கள். வாய் இல்லாவிட்டால் நுனியை உயர்த்திப் பிடித்துக் குப்பையை நடுச் செல்லின் திறப்புக்குக் கொண்டுவர வேண்டும்.
4. கை. இரண்டு ஏ ரைசர்களையும் (முன்விளிம்பு லைன்கள் சேரும் முன் ரைசர்கள்; அடுத்த வரிசை பி) ஒரே அளவு இழுக்கிறீர்களா? வலது கை வலுவாக இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எதிர்முகமாக, அதாவது இறக்கையைப் பார்த்தபடி, நின்று எழுப்பும்போது ரைசர்கள் குறுக்கிட்டிருப்பதால் குழப்பம் இன்னும் கூடும்.
5. அனுபவமுள்ள இன்னொருவரிடம் கொடுத்து எழுப்பச் சொல்லுங்கள். அவரிடம் நேராக எழுந்தால் குறை கையில். அவரிடமும் அதே பக்கம் சாய்ந்தால் குறை லைனில்.

ஐந்தாவது சோதனையிலும் சாய்ந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம். "கையை விட்டால் ஒரு பக்கம் சாய்கிறது" பகுதியில் சொல்லும் லைன் ஒப்பீட்டை வீட்டில் செய்துவிட்டுப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

## எழுகிறது, ஆனால் தலைக்கு மேல் வராமல் பின்னாலேயே தொங்குகிறது

அலட்சியம் செய்யக்கூடாத அறிகுறி இது. காரணம் அற்பமாகவும் இருக்கலாம், ஆளைக் கொல்வதாகவும் இருக்கலாம்.

காற்று குறைவு. மணிக்கு 6, 7 மைல் காற்றில் நின்றபடி எழுப்பினால் எந்த இறக்கையும் சோம்பும். எதிர்முகமாக நிற்பவர் பின்வாங்கி நடக்க வேண்டும், அல்லது முன்முகமாகத் திரும்பி ஓட வேண்டும்.

ஏ ரைசரைச் சீக்கிரம் விட்டுவிடுவது. முக்கால் உயரத்தில் விட்டால் பின்னால் நின்றுவிடும்.

கையில் பிரேக். ஏ ரைசரை இழுக்கும் கையே பிரேக்கையும் இழுக்கும். எழும்போது பின்விளிம்பைப் பாருங்கள்; அது கீழே மடங்கியிருந்தால் விடை அதுதான்.

ஈரம். காலைப் பனியில் விரித்த இறக்கை கனமாக எழும், பின்விளிம்பில் நீர் தேங்கும். உலர்த்திவிட்டுப் பறங்கள். ஈரத்தோடு ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தால் உயரம் குறைக்கச் செய்யும் நுனி மடக்கலும் வேண்டாம், பி ரைசர் இழுப்பும் வேண்டாம். பிரேக்கில் தொங்காமல் இறங்குங்கள். ஈரமான இறக்கை முன்னேறாமல் செங்குத்தாக இறங்கும் ஸ்டாலுக்குள் எளிதில் போய்விடும்.

பிரேக் லைன் குட்டை. காற்றில் இறக்கையைத் தலைக்கு மேல் நிறுத்தி, கைகளை முழுக்க உயர்த்துங்கள். பிரேக் லைன்கள் காற்றில் வில்லாகப் பின்னால் வளைந்திருக்க வேண்டும். பின்விளிம்பு எங்கும் கீழே இழுபடக் கூடாது. கைப்பிடியை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இழுத்த பிறகுதான் பின்விளிம்பு அசையத் தொடங்க வேண்டும். சரியான அளவைக் கையேடு சொல்லும். முன்பு வைத்திருந்தவர் "எனக்குக் கை வாகாக இல்லை" என்று முடிச்சை ஏற்றிக் கட்டியிருப்பது பழைய இறக்கைகளில் சகஜம். முடிச்சை உற்பத்தியாளர் போட்ட குறிக்கே திருப்பிக் கட்டுங்கள்.

பின் லைன்கள் சுருங்கியிருப்பது. டைனீமா என்ற செயற்கை இழை லைன்கள் ஈரமும் குறைந்த சுமையும் சேர்ந்தால் சுருங்கும். ஏ, பி லைன்கள் அதிக எடை தாங்குவதால் நீளத்தைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளும், பின்வரிசை சுருங்கிவிடும். இறக்கையின் பின்புறம் கீழே இழுக்கப்பட்ட நிலையிலேயே பறப்பீர்கள். எழும்போது சோம்பல், ஆகாயத்தில் வேகக் குறைவு, காதில் காற்றுச் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவு: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு சோதனை வேண்டாம். நேராகப் பட்டறை. லைன்களை மாற்றாமலே இணைப்பு வளையத்தில் சுற்றுகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிடும் வேலையாகப் பெரும்பாலும் முடியும், ஆனால் அளவெடுத்துச் செய்ய வேண்டியது. கண்மதிப்பில் நீங்கள் செய்யக் கூடாது.

## எழுந்து தலையைத் தாண்டி முன்னால் விழுகிறது

காற்று வலுவாக இருக்கிறது, அல்லது ஏ ரைசரைக் கடைசிவரை பிடித்திருக்கிறீர்கள். எழுபது பாகை உயரத்திலேயே விட்டுவிட்டு, தலைக்கு மேல் வரும்போது பிரேக்கைத் தொட்டு நிறுத்துங்கள். வலுவான காற்றில் இறக்கை எழும்போது அதை நோக்கி இரண்டடி நடந்தால் வேகம் நன்றாகக் குறையும்.

முகட்டின் மேல் விளிம்பில் காற்று நெருக்கப்பட்டு வேகமாக இருக்கும். அங்கே அடங்காத இறக்கை, சரிவில் கொஞ்சம் கீழே இறங்கி நின்றால் அடங்கும். அங்கும் அடங்காவிட்டால் அன்றைக்கு மூட்டை கட்டுங்கள்.

## பறக்கிறது, உயரம் நிற்கவில்லை

### எல்லோரும் இறங்குகிறார்களா?

இறக்கையைச் சந்தேகிக்க வேண்டாம். முகட்டில் காற்று மணிக்கு 8 மைலுக்குக் கீழே போனால் பெரும்பாலான சரிவுகள் தாங்காது. வேகம் போதுமாக இருந்தும் திசை சரிவுக்கு நேரே இல்லாமல் 30 பாகைக்கு மேல் விலகினால், காற்று மேலே ஏறாமல் சரிவை ஒட்டி ஓடிவிடும். அப்போது சரிவு வளைந்து காற்றை நேருக்கு நேர் ஏற்கும் மடிப்புகளில் மட்டும் ஏறுகாற்று மிஞ்சும்.

டெவில்ஸ் டைக்கில் இன்னொன்று உண்டு. வடக்கு பார்த்த சரிவு அது. முதுகுப் பக்கம் பிரைட்டனும் கடலும். வசந்தத்திலும் கோடையிலும் வெயில் நாளில், காலையில் லேசான வடகாற்றில் நன்றாகப் பறந்துகொண்டிருப்பார்கள். பிற்பகலில் தெற்கிலிருந்து கடல்காற்று உள்ளே வரும். முதலில் முகட்டில் காற்று தளரும். கடல் பக்கம் மேகங்கள் கலையும். தெற்குச் சரிவில் புகையோ கொடியோ இருந்தால் அது வடக்கு நோக்கிச் சாயத் தொடங்கும். பிறகு புறப்படும் இடத்தில் முதுகில் காற்று. அதன்பின் நீங்கள் பறந்த சரிவு காற்றின் மறைவுப் பக்கமாகிவிடும், அங்கே உருண்டு இறங்கும் கலங்கல் காற்றில் இறக்கை மடியும். முதல் தளர்ச்சி தெரிந்ததுமே சரிவை விட்டு வெளியே, அடிவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி இறங்குங்கள். இறங்கும்போது காற்றுத் திசையை மறுபடி பாருங்கள், மேலே இருந்த திசை கீழே இருக்காது.

கேபர்ன் தெற்கு பார்த்தது. அதே கடல்காற்று அங்கே ஏறுகாற்றைக் கூட்டும், சில நாட்களில் தேவைக்கு மேலேயே கூட்டும்.

### நீங்கள் மட்டும் இறங்குகிறீர்களா?

இடம்தான் பெரும்பாலும் காரணம். காற்று லேசாக இருக்கும்போது ஏறுகாற்றுப் பட்டை மெலிந்து சரிவை ஒட்டி நிற்கும். வலுக்கும்போது வெளியே தள்ளி, அகன்று, உயர்ந்து நிற்கும். மேலே நிற்பவர் எந்தத் தூரத்தில் பறக்கிறார் என்று பார்த்து அதே கோட்டுக்குப் போங்கள்.

அடுத்தது திருப்பம். ஒவ்வொரு கோடியிலும் அகலத் திரும்பினால் பட்டையை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறீர்கள், ஒவ்வொரு முறையும் சில மீட்டர் நட்டம். உடலைச் சாய்த்து, மிதமான பிரேக்கில், தட்டையாகத் திரும்புங்கள். திருப்பம் எப்போதும் சரிவுக்கு எதிர்ப்பக்கமாக. இதில் விதிவிலக்கு இல்லை.

பிறகு பிரேக். உயரம் போகப் போகக் கை கீழே இறங்கும், அது பயத்தின் பழக்கம். தளர்வு போய்க் கையில் லேசான எடை தெரியுமளவு போதும். அதற்குக் கீழே இழுப்பதால் இறக்கம் குறையாது, கூடும்.

சரிவில் இடைவெளி இருந்தால் உயரம் சேர்க்காமல் தாண்டாதீர்கள். நடுவில் ஏறுகாற்று இல்லை, எதிர்க்கோடிக்கு முகட்டுக்குக் கீழே போய்ச் சேர்வீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, உங்கள் எடையும் இறக்கையின் அளவும் ஒத்த ஒருவர் அருகிலேயே பறந்து, நாள் தவறாமல் உங்களுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தால், அப்போது பொருளைச் சந்தேகியுங்கள். குளியலறைத் தராசில் ஹார்னஸ், இறக்கை, ஹெல்மெட், தண்ணீர், பூட்ஸ் எல்லாம் சுமந்து நின்று மொத்த எடை பாருங்கள். இறக்கையில் அச்சிட்ட எடை வரம்பின் உச்சியை நீங்கள் தாண்டியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. எடையும் சரி என்றால் துணி காற்றுக் கசிகிறது, அல்லது லைன் நீளம் மாறியிருக்கிறது. இரண்டையும் பட்டறையில்தான் அளக்க முடியும்.

எப்போது விட்டுவிடுவது? புறப்பட்ட இடத்துக்கும் அடிவாரத்துக்கும் நடுவே பாதி உயரத்துக்கு வந்துவிட்டால் சரிவைச் சுரண்டிக்கொண்டிருக்காமல் இறங்கும் வயலுக்குத் திரும்புங்கள். எந்த வயல், எந்த வயலில் பயிரும் ஆடும் இருப்பதால் கூடாது, மின்கம்பி எங்கே என்பதெல்லாம் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளப்பின் தளக் குறிப்பில் இருக்கும். பறப்பதற்கு முன்பே படிக்க வேண்டியது அது.

மெலிந்த பட்டையில் பலர் நெருங்கும்போது வழிவிதி மறக்கும். நேருக்கு நேர் வந்தால், சரிவு யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கு முன்னுரிமை. சரிவு இடப்பக்கம் இருப்பவர் வெளியே விலக வேண்டும். லாங் மிண்டில் சறுக்கு விமானங்களும் அதே முகட்டைப் பகிர்கின்றன. அவை வரும் வேகம் வேறு, முன்கூட்டியே விலகுங்கள்.

## முன்னேறவில்லை, பின்னால் தள்ளுகிறது

தரையில் ஒரு வேலிக்கம்பையும் அதற்குப் பின்னால் ஒரு மரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். கம்பு மெல்ல முன்னால் நகர்ந்து உங்களை விட்டு விலகினால் பின்னால் போகிறீர்கள். ஏ, பி வகை இறக்கைகளின் பிரேக்கைத் தொடாமல் பறக்கும் வேகம் மணிக்கு 22 முதல் 24 மைல் அளவில்தான். முகட்டுக்கு மேல் காற்று அதைத் தொட்டால் முன்னேற்றம் பூஜ்யம்.

உடனே செய்ய வேண்டியது, இதே வரிசையில்:

1. இரு கைகளையும் முழுக்க உயர்த்துங்கள்.
2. முகட்டுக்கு நேர் மேலே இருந்தால் ஸ்பீட் பாரை (காலால் தள்ளி இறக்கையின் வேகத்தைக் கூட்டும் கம்பி) மெல்லத் தள்ளி வெளியே வாருங்கள். சரிவுக்கு முன்னால் காற்று அவ்வளவு வேகமாக இருக்காது.
3. இடைவெளிக்கு எதிரே இருந்தால் பக்கவாட்டில் நழுவி விலகுங்கள். மாம் டோருக்கும் ரஷப் எட்ஜுக்கும் நடுவே சாலை ஏறும் மாம் நிக் போன்ற கணவாய்களில் காற்று குவிந்து வேகமெடுக்கும்.
4. உயரத்தைக் குறைக்க வேண்டுமானால் நுனி மடக்கலுடன் பாரையும் சேருங்கள். நுனியை மட்டும் மடக்கினால் முன்வேகம் இன்னும் குறையும்.
5. அப்படியும் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், உயரம் கையில் இருக்கும்போதே முடிவெடுங்கள். காற்றோடு திரும்பி, முகட்டுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளியுள்ள திறந்த வெளிக்குப் போய், கடைசியில் காற்றை எதிர்த்துத் திரும்பி இறங்குங்கள்.

ஐந்தாவதைச் செய்யத் தயங்கி முகட்டுக்கு மேலேயே மல்லுக்கட்டுபவர்கள்தான் உயரம் தீர்ந்து, முகட்டுக்கு உடனே பின்னால் உள்ள ரோட்டரில், அதாவது உருளும் கலங்கல் காற்றில், விழுகிறார்கள். பின்னால் போவது அவ்வளவு ஆபத்தில்லை. பின்னால் குறைந்த தூரம் போவதுதான் ஆபத்து.

தரை தொட்டதும் இறக்கையைக் கொல்லுங்கள்: பின் ரைசர்களை இழுங்கள், அல்லது ஒரு பிரேக்கை முழுக்க இழுத்தபடி இறக்கையைச் சுற்றி அதன் மறுபக்கம் ஓடுங்கள். இரண்டு பிரேக்கையும் பாதி பிடித்து நின்றால் அது உங்களை வேலிவரை இழுத்துப் போகும்.

தரையில் காரணம் தேடும்போது முதலில் வானிலை. மேற்கிலிருந்து மழைமேகம் நெருங்குகிறதா, காற்று அரைமணிக்கு அரைமணி ஏறிக்கொண்டிருக்கிறதா? அடுத்து எடை: வரம்பின் அடிமட்டத்தில் இருப்பவர் இறக்கை மெதுவாகத்தான் போகும். அடுத்து ஸ்பீட் பார் கொக்கி மாட்டப்படவே இல்லாமல் இருப்பது. பட்டியலில் எளிதானதும் அடிக்கடி நேர்வதும் இதுதான். மற்றவர்கள் எல்லோரும் முன்னேறும் காற்றில் நீங்கள் மட்டும் நின்றால், மேலே சொன்ன சுருங்கிய பின் லைன்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

## கையை விட்டால் ஒரு பக்கம் சாய்கிறது

சரிவிலிருந்து தள்ளி, அமைதியான காற்றில், இரு கைகளையும் உயர்த்தி ஐந்து விநாடி. இறக்கை தானாகத் திரும்பினால் குறை உண்மை. சரிவை ஒட்டிப் பறக்கும்போது தெரியும் இழுப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது காற்று.

ஹார்னஸில் தொடங்குங்கள். தொடைப்பட்டை, தோள்பட்டை, பக்கப்பட்டை மூன்றும் இடமும் வலமும் ஒரே நீளமா? பக்கப்பையில் ஒருபுறம் மட்டும் தண்ணீர்ப் புட்டியும் கேமராவும் இருக்கின்றனவா? மார்புப்பட்டை கையேடு சொல்லும் இடைவெளியில் இருக்கிறதா? ஆதாரம் வேண்டுமென்றால் அதே இறக்கையை வேறொரு ஹார்னஸில் பறந்து பாருங்கள். சாய்வு போய்விட்டால் ஹார்னஸ், கூடவே வந்தால் இறக்கை. பைசா செலவில்லாத சோதனை, செய்பவர்தான் இல்லை.

இறக்கைதான் என்றால் இரு பிரேக் முடிச்சுகளின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு நுனிக் குப்பை, நுனி லைன்களில் சிறு முடிச்சு, பூச்சு உரிந்த லைன்.

கடைசியில் லைன் ஒப்பீடு. இரு ரைசர்களையும் ஒரே கொக்கியில் மாட்டுங்கள். இடது ஏ1, வலது ஏ1 என்று ஜோடி ஜோடியாகத் துணியில் தைத்த இடத்தில் சேர்த்துப் பிடித்து, சுமார் ஐந்து கிலோ விசையில் ஒன்றாக இழுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் எந்த ஜோடி, எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். நீங்களே சரிசெய்ய வேண்டாம். அந்தக் குறிப்போடு பட்டறைக்கு அனுப்பினால் அவர்கள் நேரமும் உங்கள் பணமும் மிச்சம்.

## ஸ்பீட் பார் தகராறு

தள்ளினால் ஒரு பக்கம் திரும்புகிறது: பாரின் இரு கயிறுகளும் ஒரே நீளம் இல்லை, அல்லது ஒன்று ஹார்னஸ் கப்பியிலிருந்து நழுவியிருக்கிறது.

கால் முழுக்க நீட்டியும் கப்பிகள் முட்டவில்லை: கயிறு நீளம். சுருக்குங்கள்.

பாரைத் தொடாமலே ஏ ரைசர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது: கயிறு குட்டை. இதுதான் மோசமானது. இறக்கை எப்போதும் பாதி பாரில் பறக்கும், குலுங்கும் காற்றில் முன்விளிம்பு மடங்கும். ஹார்னஸை ஓர் உத்தரத்தில் தொங்கவிட்டு, உட்கார்ந்து, ரைசர்களை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி அளவெடுங்கள். பார் சும்மா இருக்கும்போது கயிற்றில் சில சென்டிமீட்டர் தொய்வு வேண்டும்.

## கிழிசல், முள், அறுந்த உறை

கார்ஸ் புதரில் விழுந்த இறக்கையை இழுக்கவே கூடாது. ஹார்னஸைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு லைனாக முள்ளிலிருந்து விடுவித்து, துணியைத் தூக்கி எடுங்கள். அரைமணி ஆகும். முள்கம்பி வேலியிலும் அப்படியே.

தையலிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் உள்ள கிழிசலைப் பசையுள்ள ரிப்ஸ்டாப் நாடாவால் மூடலாம். துணியைத் துடைத்து, உலர்த்தி, சுருக்கமில்லாமல் தட்டையாக விரித்து, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டை உள்ளும் புறமும் ஒட்டுங்கள். கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது படர வேண்டும். தையலைத் தொட்ட கிழிசல், லைன் தைத்த இடத்தருகே உள்ளது, முன்விளிம்பில் உள்ளது, உள்ளே குறுக்குச் சுவர் கிழிந்தது: இவை நாடாவுக்கான வேலை இல்லை.

உறை கிழிந்து உள்நூல் தெரிந்தால், மடித்தால் நொறுங்கும் விறைப்பு இருந்தால், அந்த லைனை மாற்றும்வரை பறக்கக் கூடாது. அறுந்த லைனுக்கு முடிச்சுப் போட்டுப் பறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

## வேரியோவும் ரேடியோவும்

தரையில் காற்றடிக்கும்போது வேரியோ (ஏறுவதையும் இறங்குவதையும் ஒலியால் சொல்லும் கருவி) கூவுவது பழுதல்ல, அழுத்தத் துளையில் காற்று மோதுகிறது. ஆகாயத்திலும் அப்படியே கூவினால் மின்கலம், துளையில் தூசி, ஈரம் என்று பாருங்கள். உயரம் தவறாகக் காட்டினால் அன்றைய கடல்மட்ட அழுத்தத்தைப் போடுங்கள், அல்லது புறப்படும் இடத்தின் வரைபட உயரத்தை வையுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறு ஏறக்குறைய 27 அடி. பத்து ஹெக்டோபாஸ்கல் தவறினால் 270 அடி. சவுத் டவுன்ஸில் கேட்விக் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்பகுதி அருகில் இருப்பதால் இதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

ரேடியோவில் யாரும் பேசவில்லை என்றால் முதலில் அலைவரிசை: பிரிட்டனில் பாராகிளைடிங்குக்கு ஒதுக்கியது 143.950 மெகாஹெர்ட்ஸ். எல்லோரும் ஒரே நேரத்தில் அமைதியாகிவிட்டால், யாரோ ஒருவருடைய பேசும் பொத்தான் ஹார்னஸ் பட்டையில் அழுந்திக் கிடக்கிறது. அது நீங்களாகவும் இருக்கலாம்.

## ரிசர்வ் கைப்பிடி தளர்வாக இருக்கிறது

ஒவ்வொரு முறை ஹார்னஸ் மாட்டும்போதும் ரிசர்வின் (அவசர பாராசூட்) கைப்பிடி, ஊசி, மூடி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். கைப்பிடியின் ஒட்டுப்பட்டை மட்டும் பிடியிழந்திருந்தால் ஹார்னஸ் கடையிலேயே மாற்றித் தருவார்கள். ஊசி வளைந்திருந்தால், வளையத்திலிருந்து பாதி வெளியே வந்திருந்தால், ரிசர்வ் நனைந்திருந்தால், பறக்காமல் தகுதி பெற்ற மடிப்பாளரிடம் கொடுங்கள். எதுவும் ஆகாவிட்டாலும் கையேடு சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிரித்து மடிக்க வேண்டும்.

## பட்டறைக்கு எப்போது, எப்படி

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் இறக்கையைப் பையில் போட்டு மூடிவிடுங்கள்: எழும்போது சோம்பலும் ஆகாயத்தில் மந்தமும் சேர்ந்து வருவது, ஹார்னஸ் மாற்றியும் போகாத சாய்வு, ஒரு முறையாவது காரணமில்லாமல் ஸ்டாலானது, மரத்திலோ உப்புத் தண்ணீரிலோ விழுந்தது. உப்புத் தண்ணீரில் நனைந்ததை முதலில் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள், சோப்பு வேண்டாம்.

எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் கையேட்டில் போட்ட மணிநேரமோ ஆண்டோ முடிந்ததும் முழுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் துணியின் காற்றுக்கசிவு, லைன்களின் அறுபடு வலு, ஒவ்வொரு லைனின் நீளம் ஆகியவற்றை அளந்து அறிக்கை தருவார்கள்.

அனுப்பும்போது ஒரு தாளில் எழுதி வையுங்கள்: இறக்கையின் மாதிரி, அளவு, வரிசை எண், பறந்த மணிநேரம், உங்கள் மொத்த எடை, எந்த அறிகுறி, எந்தப் பக்கம், எந்தச் சோதனைகளை ஏற்கெனவே செய்தீர்கள், யாராவது பிரேக் முடிச்சை மாற்றினார்களா. "சரியாகப் பறக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்கள் முதலிலிருந்து தேடுவார்கள், கட்டணமும் அதற்கேற்ப வரும்.

இறக்கை திரும்பி வந்ததும் அறிக்கையில் லைன் நீள அட்டவணை இருக்கிறதா, பிரேக் முடிச்சு எந்தக் குறியில் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலில் சமவெளியில், மணிக்கு 8 முதல் 10 மைல் காற்றில் நான்கைந்து முறை எழுப்பி நிறுத்துங்கள். கைகளை உயர்த்தியபடி அது தலைக்கு மேல் நேராக நின்றால் ஒரு சிறிய சரிவில் பறந்து பாருங்கள். முகட்டுக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகுதான்.